பருந்து தட்டியது என்றார்கள்

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும்போதே தேன்மொழிக்கும் மதுமிதாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. கண்டியிலிருந்து வந்த ரயிலில் மதுமிதா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்து வீடியோ எடுத்தாள். சுரங்கப்பாதை நெருங்குவதைப் பார்த்த தேன்மொழி அவளுடைய ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்து உள்ளே இழுத்தாள். பெட்டியில் இருந்த வெள்ளைக்காரப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். "நான் என்ன கொழந்தையாடி?" என்று மதுமிதா கேட்டாள். அதற்குப் பிறகு இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

திருச்சியில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது தேன்மொழி திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மதுமிதா சென்னையில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். ஓய்வு நேரத்தில் பயண வீடியோக்கள் போடுவாள். முதுகில் ஒரு பையோடு ஒரு வெளிநாடு பார்க்க வேண்டும் என்பது விடுதிக் காலத்துப் பேச்சு. நான்கு வருடம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் பத்து நாளைக்கு இலங்கை என்று முடிவானது. பறக்கும் கேமராவை எடுத்துவர அனுமதி வாங்க வேண்டும் என்று மதுமிதாவுக்குத் தெரியும். அது மடங்கிவிட்டால் உள்ளங்கை அகலம்தான். தன் பையில் இடமில்லை என்று சொல்லி, ஒரு கம்பளிக் காலுறைக்குள் சுற்றி, தேன்மொழியின் பையில் வைத்துவிட்டாள். கொழும்பு விமான நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை.

அன்று ஆறாம் நாள். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையில், ஓய்வு பெற்ற ஒருவர் தன் வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். இரவு அங்கே தங்கிவிட்டு, காலையில் தோட்டத்துப் பாதையில் நடந்தார்கள். மதுமிதா முன்னால் போனாள். தேன்மொழி இருபது அடி பின்னால்.

ஒன்பதரை மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தைத் தோட்டத்தில் நாலாம் நம்பர் மலை என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கொழுந்துப் பைகளை இறக்கிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். மதுமிதா ஒரு சிரிப்போடு அவர்களைத் தாண்டிக் கீழே போய், ஒரு பாறை மேல் உட்கார்ந்து கேமராவை வெளியே எடுத்தாள். தேன்மொழி நின்றுவிட்டாள்.

"வாங்க தங்கச்சி, ஒக்காருங்க. வெறுந்தேத்தண்ணி குடிப்பீங்களா?" என்றாள் ஒருத்தி. பெயர் ஜீவராணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். போத்தல் மூடியில் தேநீரை ஊற்றிக் கொடுத்து, தேன்மொழியின் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியையும் கொட்டினாள். "அத நக்கிக்கிட்டே குடிங்க. அப்பத்தான் ருசி."

தேன்மொழி குடித்தாள். சூடு போயிருந்தாலும் கசப்பும் இனிப்பும் மாறிமாறி நன்றாகத்தான் இருந்தது.

"இந்தியாவுல எங்கங்க?"

"திருச்சிக்குப் பக்கம் துறையூருங்க."

"பேச்சக் கேட்டதும் நெனச்சேன். எங்க பேச்சாட்டமே இருக்கு." ஜீவராணி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் தனுஜா கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். வலது முழங்காலில் நோவு. ஏற்றத்தில் ஏறினால் வலிக்கிறது. இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டாள். பிறகு எழுந்து, சேலைக்கு மேல் சுற்றும் சாக்குத் துணியான படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டே, கையை நீட்டிக் காட்டினாள்.

"எங்க வேணா சுத்திப் பாருங்க. அந்த டர்பன்டைன் மரத்துப் பக்கம் மட்டும் போயிராதீங்க. மேல பாருங்க, கறுப்பாத் தொங்குதா? குளவிக் கூடு."

தேன்மொழி பார்த்தாள். சேற்றில் முக்கிய சாக்குப்பை மாதிரி ஏதோ ஒரு கிளைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய மலைத்தேனீயைத்தான் தோட்டத்தில் குளவி என்கிறார்கள்.

"எடுக்க மாட்டாங்களா?"

கொழுந்து நிறுக்கும் தராசைத் துடைத்துக்கொண்டிருந்த கங்காணி கணேசமூர்த்தி பதில் சொன்னார். "மூணு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு தடவ பொஸ்தகத்துலயும் எழுதிக் குடுத்திட்டேன். ஆள் வரும், ஆள் வரும்ங்கிறாங்க. நாங்களும் அதுக்கு நோகாம இங்கிட்டே நின்னு ஆஞ்சுக்கிட்டுப் போறோம்."

மதுமிதாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தேன்மொழிக்குத் தோன்றியது. பாறை நாற்பது தப்படித் தூரம்தான். ஆனால் முதலில் பேசியவள் தேன்மொழி என்றாகிவிடும். போய்ச் சொன்னால், 'மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?' என்பாள். நேற்று ரயிலில் அத்தனை பேருக்கு முன்னால் முகம் சுளித்தவள் அவள். அவளே வந்து பேசட்டும். கேமரா எப்படியும் பள்ளத்தாக்குப் பக்கம்தானே போகும் என்று நினைத்துக்கொண்டு, தேன்மொழி மூடியில் மிச்சமிருந்ததைக் குடித்தாள்.

கேமரா எழும்பியது. பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்கள். "எங்களயும் எடுங்க" என்றாள் ஒருத்தி. அது பள்ளத்தாக்குப் பக்கம் போனதும் வேடிக்கை சலித்துப்போய் மறுபடி குனிந்து கொழுந்து கிள்ளத் தொடங்கினார்கள். மேலே காற்று இருந்திருக்க வேண்டும். கேமரா அங்கிருந்து வளைந்து, மலையின் தலைப்பக்கமாகத் திரும்பியது. மதுமிதா தலையைக் குனிந்து கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மது! அந்த மரம்!" என்று தேன்மொழி கத்தினாள்.

அதற்குள் அது கிளையில் மோதிவிட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். கேமரா இரண்டு முறை புரண்டு தேயிலைக்குள் விழுந்தது. அதைப் பார்த்தவர்கள் தேன்மொழியும் மதுமிதாவும் மட்டுமே. பிறகு தூரத்தில் மழை இறங்குவதுபோல ஓர் இரைச்சல் கேட்டது.

"குளவி! குளவி கலைஞ்சிருச்சி! படுங்க! படுங்க!"

பெண்கள் தேயிலை நிரைகளுக்கு நடுவே விழுந்து படங்கை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டார்கள். தேன்மொழிக்கு அது தெரியாது. அவள் ஓடினாள். கழுத்தில், காதில், மணிக்கட்டில் நெருப்பு வைத்ததுபோல இருந்தது. எதிரே ஜீவராணி ஓட முயன்று, முழங்கால் மடங்கி, தண்ணீர் போகும் கானுக்குள் விழுவதைப் பார்த்தாள். அவள் முதுகு முழுக்கக் கறுப்பாக இருந்தது. தேன்மொழி நிற்கவில்லை. பாதையில் தடுக்கி விழுந்து திரும்பிப் பார்த்தபோது, கணேசமூர்த்தி தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கானுக்குள் குதித்து ஜீவராணியை மூடிக்கொண்டிருந்தார்.

கொழுந்து லொறியிலேயே எல்லோரையும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏழு பெண்களை வார்டில் சேர்த்தார்கள்; அதில் தேன்மொழியும் ஒருத்தி. அவளுக்குக் குத்தியது ஒன்பது இடம். ஊசி போட்டு, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் ஜீவராணி. மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸ் சிறு இடுக்கியால் அவள் முதுகிலிருந்தும் தலையிலிருந்தும் கொடுக்குகளை எடுத்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டே வந்தாள். நூறு வரை எண்ணியவள் பிறகு எண்ணவில்லை. ஜீவராணியின் கண்கள் வீங்கி மூடிவிட்டன. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் கங்காணியை வெளிநோயாளர் பிரிவில் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி, என்ன நடந்தது என்று எல்லோருக்கும் சொன்னாள். "பருந்து தட்டியிருக்குமாம். போன வருசம் கீழ்ப் பிரிவுலயும் அப்படித்தான நடந்திச்சி."

"பருந்துதான். வேற என்ன? அந்தப் பறக்குற கேமரா கீழ பள்ளத்துப் பக்கமில்ல போச்சு?" என்றாள் மூன்றாவது கட்டிலில் இருந்த லெட்சுமி. அவளுக்கு இரண்டு கையும் வீங்கியிருந்தன. வீட்டிலிருந்து வந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து, சம்பல் வைத்து, தேன்மொழியிடம் நீட்டினாள். "சாப்பிடுங்க. பாவம், ஊரு பாக்க வந்த எடத்துல ஒங்களுக்கு இப்படி. ஒங்க அம்மா கேட்டா என்ன நெனைப்பாங்க?"

தேன்மொழி வாங்கிக்கொண்டாள். தண்ணீர் குடித்துத்தான் இறக்கினாள்.

பார்வையாளர் நேரத்தில் மதுமிதா வந்தாள். தொப்பி வைத்த மழைக்கோட்டில் இருந்ததாலும் பாறைக்கு அடியில் நுழைந்துகொண்டதாலும் அவளுக்கு ஒரு குத்துக்கூட இல்லை. தேன்மொழியின் கழுத்தைப் பார்த்ததும் அழுதாள். உண்மையான அழுகைதான். பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. ப்ளீஸ்டி. அனுமதி இல்லாமக் கொண்டுவந்திருக்கோம். தெரிஞ்சா பாஸ்போர்ட்டப் புடுங்கிருவாங்க. எல்லாரும் பருந்துன்னுதான் பேசிக்கிறாங்க. நான் வேணும்னா பண்ணேன்? காத்து இழுத்துட்டுப் போயிருச்சு."

"அது எங்க கிடக்கு?"

"தேயிலைக்குள்ளதான். யாரு போய் எடுப்பா இப்ப?" மதுமிதா அவள் கையைப் பிடித்தாள். "நாளைக்குக் காலைல கொழும்புக்குப் போயிரலாம். டிக்கெட்ட முன்னாடி மாத்திக்கலாம். அம்மாவுக்கு நான் மட்டும்தான் தேனு. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். மதுமிதாவின் அம்மாவை மூன்று வருடமாகத் தேன்மொழியும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். அவளால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, முடியாது என்றும் சொல்ல முடியவில்லை. மதுமிதா அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கண்களைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் ஜீவராணியின் கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையில் சிறுநீர் காப்பித் தண்ணி நிறத்தில் இறங்கியது. மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். தேன்மொழிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த நிறத்தைப் பரிசோதனைக் குழாய்களில் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் குழாயில் ஒரு எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு தனுஜா வந்து சேர்ந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். கொழும்பிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். தேன்மொழிதான் கூப்பிட்டு, "இவங்கதாங்க" என்றாள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, இன்றைக்கே கண்டிக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வந்து தனுஜா தேன்மொழியின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்தெல்லாம் நீங்கதான் அம்மாவுக்குத் தண்ணி குடுத்தீங்களாம். லெட்சுமி அக்கா சொன்னாங்க. பெரிய உபகாரங்கக்கா."

இதற்குள் தோட்டத்திலிருந்து இன்னொரு செய்தியும் வந்திருந்தது. கூடு இருக்கிறது என்று தெரிந்தும் ஆட்களை அந்த மலைக்கு அனுப்பியது கங்காணியின் தப்பு என்று தோட்டத்து மேலாளரான துரை சொல்லிவிட்டாராம். அலுவலகத்துக்கு யாரும் எதுவும் எழுதித் தரவில்லையாம். கணேசமூர்த்தியை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பெண்கள் மலைக்குப் போகாமல் ஆபீசுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து மணிக்குப் பேச்சுவார்த்தை.

தேன்மொழி கீழே கேன்டீனுக்குத் தேநீர் வாங்கப் போன தனுஜாவின் பின்னாலேயே போனாள். படிக்கட்டுத் திருப்பத்தில் அவளை நிறுத்தினாள்.

"தனுஜா, அது பருந்து இல்ல. என் ஃபிரண்டோட பறக்குற கேமரா. அது மரத்துல மோதுனத நான் பார்த்தேன். அதை ஒங்க நாட்டுக்குள்ள என் பையிலதான் கொண்டுவந்தோம்."

தனுஜா கையிலிருந்த ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மேலே ஏறி வந்த ஒருவருக்கு வழிவிட்டாள். அவர் போனதும் கேட்டாள்: "நேத்தே ஏன் சொல்லல?"

"பயம்."

"இப்ப?"

"கங்காணிய நிறுத்திட்டாங்கன்னு கேட்டேன். அவருதான் ஒங்கம்மா மேல விழுந்து காப்பாத்துனாரு."

"இப்ப நீங்க ஆபீசுல போயி இதச் சொன்னா என்னாகும் தெரியுமா? தொரைக்கு நிம்மதி. இந்தியாக்காரங்க பண்ணுனது, தோட்டத்துக்கு ஒண்ணுமில்லன்னு கை கழுவிருவாரு. கூடு அங்கதான் இருக்கும். நாளைக்கு இன்னொருத்தங்க அம்மா."

"அப்ப சொல்லாமப் போயிரவா?"

"எங்கிட்ட கேக்காதீங்க." தனுஜாவின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "எங்கம்மாவக் கண்டிக்கு ஏத்தப் போறாங்க. ஒங்களுக்கு லேசாக்கி விடுறது என் வேல இல்ல."

அவள் கீழே இறங்கிப் போனாள். அதன் பிறகு தேன்மொழியை அக்கா என்று கூப்பிடவே இல்லை.

தேன்மொழி படியிலேயே உட்கார்ந்து மதுமிதாவுக்கு ஃபோன் செய்தாள். பின்னணியில் ரயில் அறிவிப்பு சிங்களத்தில் கேட்டது.

"ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். ஒன் பையையும் எடுத்துட்டு வந்திருக்கேன். சீக்கிரம் வா" என்றாள் மதுமிதா.

"நான் ஆபீசுக்குப் போறேன் மது. சொல்லப் போறேன்."

"என் பேரையும் சொல்லுவியா?"

"கேட்டா சொல்லுவேன். நீயும் வந்துரு. ரெண்டு பேருமாச் சொல்லுவோம்."

"மூணு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோம்டி."

"அதனாலதான் ஒங்கிட்ட மொதல்ல சொல்றேன்."

மதுமிதா வரவில்லை. தேன்மொழியின் பையை ஸ்டேஷன் அலுவலக வாசலில் வைத்துவிட்டு ரயில் ஏறினாள். சாயங்காலமே சென்னைக்கு விமானம் கிடைத்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். தலையில் துண்டோடு, கையில் கட்டோடு, காலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லெட்சுமியும் இருந்தாள். வராந்தாவில் துரை நின்றார். முப்பத்தைந்து வயதுச் சிங்களவர். தோட்டத்துத் தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். கணேசமூர்த்தி அவருக்கு எதிரே, வீங்கிய முகத்தோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

தேன்மொழி நேராகப் படியேறினாள். பேச ஆரம்பித்தபோது குரல் வெளியே வரவில்லை. இரண்டாம் முறைதான் வந்தது. கேமரா, மரம், பை எல்லாவற்றையும் சொன்னாள். தேயிலைக்குள் எந்த இடத்தில் விழுந்தது என்பதையும் சொன்னாள்.

துரை நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ சரி. கங்காணி தப்பு இல்லே. தோட்டம் தப்பும் இல்லே. போலீஸ் பாத்துக்கொள்ளும்."

"இல்லீங்க," என்றாள் தேன்மொழி. "கூடு மூணு மாசமா அங்க இருந்துச்சு. கங்காணி ரெண்டு தடவ புத்தகத்துல எழுதிக் குடுத்தாரு. இதெல்லாம் நடக்குறதுக்கு முன்னாடி, நேத்து ஒன்பதரை மணிக்கே எங்கிட்ட சொன்னாங்க. அவங்களுக்கு அப்ப பொய் சொல்ல என்ன தேவை? அந்தப் புத்தகத்த எடுத்துப் பாருங்க. நான் பண்ணுனது என் தப்பு. ஆனா கூடு அங்க இருந்தது என் தப்பு இல்ல."

முற்றத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. "பொஸ்தகத்த எடுங்க! பொஸ்தகத்த எடுங்க!" என்று சில பெண்கள் எழுந்தார்கள். ஆனால் லெட்சுமி எழுந்து வராந்தாவுக்குக் கீழே வந்து நின்றாள். அவள் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை.

"அப்ப நீதானா?"

தேன்மொழி தலையசைத்தாள்.

"பக்கத்துக் கட்டுல்ல ஜீவராணி கெடந்து துடிச்சா. நீ எங் கையால ரொட்டி வாங்கித் தின்னுக்கிட்டு, பருந்துன்னு சொன்னதக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்த." லெட்சுமி கட்டுப் போட்ட கையை அவளை நோக்கி நீட்டினாள். "வாயில எப்புடிப் போச்சு அது?"

யாரும் அவளுக்காகப் பேசவில்லை.

போலீஸ் வந்தது. சார்ஜன்ட்டுக்குத் தமிழ் தெரியாது. தேன்மொழிக்குச் சிங்களம் தெரியாது. யாராவது மொழிபெயர்க்க வேண்டும் என்றபோது கணேசமூர்த்தியே முன்வந்தார். அவள் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் சிங்களத்தில் சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மதுமிதாவின் பெயர் வந்தபோது அவர் நிறுத்தி, "இதயும் சொல்லணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். "சொல்லுங்க" என்றாள். எல்லாம் எழுதி முடித்ததும் அவர் அவளைப் பார்த்து, "நேத்தே சொல்லியிருந்தா எம் பொஞ்சாதி ராத்திரி பூரா அழுதிருக்க மாட்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அவளுக்கு அதிகமாக வலித்தது.

அதற்குப் பிந்திய நாட்களைத் தேன்மொழி ஹட்டன் டவுனில் ஒரு விடுதி அறையில் கழித்தாள். பாஸ்போர்ட் போலீஸிடம் இருந்தது. நீதிமன்றத்தில் ஒன்றரை நிமிடம் நின்றாள், அபராதம் விதித்தார்கள், கட்டியதும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், கேமரா அரசாங்கத்துக்குப் போனது. மதுமிதாவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள். அவள் இனி இந்த நாட்டுக்குள் வந்தால் பார்க்கலாம் என்பதுபோல அதை ஒரு ஓரத்தில் எழுதிவைத்தார்கள். புத்தகத்தில் கணேசமூர்த்தியின் கையெழுத்து இரண்டு இடத்தில் இருந்தது. அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் நடந்ததற்குக் காரணம் வெளிநாட்டுப் பயணிகள் என்றுதான் தோட்டத்து அறிக்கையில் எழுதினார்கள். தனுஜா சொன்னது பாதி பலித்தது. பெண்கள் அந்த மலைக்கு ஏற மறுத்துவிட்டதால், குளவி கலைந்த ஒன்பதாம் நாள் ஆட்கள் வந்து கூட்டை அப்புறப்படுத்தினார்கள்.

மதுமிதாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: 'அவங்க எப்படி இருக்காங்க?' தேன்மொழி, 'டயாலிசிஸ் நடக்குது' என்று எழுதினாள். நீல டிக் விழுந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

பத்தாம் நாள் தனுஜாவின் ஃபோன் வந்தது. "அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். ஒங்களப் பாக்கணுமாம்."

கண்டி ஆஸ்பத்திரியில் ஜீவராணியின் முகம் வடிந்திருந்தது. தோல் அங்கங்கே கறுத்து உரிந்திருந்தது. தேன்மொழி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை, அதனால் உட்காரவில்லை.

"அந்த மரத்துக்கிட்ட போவாதீங்கன்னு ஒங்கிட்டதான சொன்னேன்?"

"ஆமாக்கா."

"அந்தப் புள்ளகிட்ட நீ சொல்லலியா?"

இதை யாரும் இதுவரை கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை, துரை கேட்கவில்லை. தேன்மொழியும் தானாகச் சொல்லவில்லை.

"சொல்லலக்கா."

"ஏன்?"

"சண்ட. ரயில்ல ஒரு சின்னச் சண்ட. அவளே வந்து மொதல்ல பேசட்டும்னு இருந்துட்டேன்."

"இதுக்கா?" என்றாள் ஜீவராணி. அப்புறம், "இதுக்காடி?" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல மறுபடி கேட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தேன்மொழி நின்ற இடத்திலேயே அழுதாள். தனுஜா ஜன்னலருகே திரும்பி நின்றாள்.

"இன்னிக்குப் பேச மனசில்ல," என்றாள் ஜீவராணி, சுவரைப் பார்த்தபடியே. "வேணும்னா நாளைக்கு வா."

மறுநாள் மத்தியானத்துக்குத் தேன்மொழி விமான டிக்கெட்டை மாற்றி வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டாள். திருச்சிக்கு ஃபோன் செய்து இன்னும் ஒரு வாரம் வர முடியாது என்று சொன்னாள். மேலாளர் திட்டியதை முடிகிற வரைக்கும் கேட்டாள். கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை பார்த்துக்கொண்டு தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறு நாள் போனாள். இரண்டு நாள் ஜீவராணி பேசினாள்: முழங்காலைப் பற்றி, கொழும்பில் மகள் நாள் பூரா நின்றபடியே வேலை செய்வதைப் பற்றி. நான்கு நாள் பேசவில்லை. அந்த நாட்களில் தேன்மொழி மருந்துக் கடைக்குப் போனாள், துணி அலசினாள், தனுஜா குளிக்கப் போகும்போது கட்டிலைப் பார்த்துக்கொண்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். இனி மலை ஏற முடியுமா என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கணேசமூர்த்தி ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். தேன்மொழி மூட்டைகளைப் பின்னால் ஏற்றினாள். ஜீவராணியை ஏற்றும்போது ஒரு பக்கம் தனுஜாவும் மறுபக்கம் தேன்மொழியும் பிடித்துக்கொண்டார்கள். அவள் கை தேன்மொழியின் தோளை அழுத்தமாகப் பற்றியது; சீட்டில் உட்கார்ந்ததும் விட்டுவிட்டது.

வேனில் இன்னும் ஒரு இடம் இருந்தது. வா என்று யாரும் சொல்லவில்லை. தனுஜா கதவை இழுத்துச் சாத்தினாள்.

வேன் வாசலைத் தாண்டிப் பேராதனை ரோட்டில் திரும்பும் வரை தேன்மொழி நின்றாள். பிறகு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கொழும்பு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.